பாதை அறுந்த கரைகள்

மூப்பு வந்தால் மறதியும் உடன்வரும் என்பது நம்மவர் நெஞ்சில் வேரூன்றிவிட்ட எண்ணம். முதியவர் ஒருவர் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால், “அறளை பெயர்ந்துவிட்டது” என்று கூறி வீட்டார் அமைந்துவிடுகின்றனர். இந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை நோயாளர் கவனிப்பாரின்றி மறைந்துபோயினர் என்பதை எண்ணுந்தோறும் என் மனம் வருந்துகின்றது.

கல்குடாவில் நான் நன்கறிந்த அண்ணாவியார் ஒருவர் இருக்கிறார். வடமோடிக் கூத்தொன்றை வரவுப் பாடல் முதல் மங்களம் வரை ஏடு பாராமலே பாட வல்லவர். அவரே இன்று, உண்டு கைகழுவிய சிறிது நேரத்தில், “புள்ள, சோறு ஆக்கல்லையா?” என்று மகளைக் கேட்கிறார். “கூத்தெல்லாம் நெனப்பிருக்கு, சோறு திண்டது மட்டும் மறந்து போகுமா?” என்று மகள் சினக்கிறாள். அவள் கேள்வி நியாயமானது. அதற்கு விஞ்ஞானம் விடையும் கூறுகின்றது.

1906 ஆம் ஆண்டில், நினைவாற்றல் குன்றி இறந்த பெண்ணொருத்தியின் மூளையை ஜேர்மானிய வைத்தியரான அலோயிஸ் அல்சைமர் நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளையும், உள்ளே நார்ச்சிக்கல்களையும் கண்டார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. எனினும், நினைவுக் குறைவு அப்படிவுகளின் அளவைவிட, நரம்பணுக்கள் ஒன்றோடொன்று தொடுக்கும் இணைப்புக்களின் இழப்போடுதான் பெரிதும் ஒத்துச் செல்கின்றது என்பதை 1991 இல் ராபர்ட் டெரி குழுவினர் எடுத்துக்காட்டினர்.

நம் பிரதேசத்து உதாரணத்தால் இதை விளக்கலாம். கல்குடாவுக்குத் தெற்கே மட்டக்களப்பு வாவிக்கு எழுவான்கரை, படுவான்கரை என இரு கரைகள் உண்டு. 2014 இல் பாலம் திறக்கப்படும் வரை, மண்முனைத் துறையில் ‘பாதை’ எனப்படும் மிதவையிலேயே மக்கள் வாவியைக் கடந்தனர். பாதை ஓடாவிடின் படுவான்கரையில் நெல் இருக்கும். எழுவான்கரையில் சந்தையும் இருக்கும். நெல் மட்டும் சந்தைக்கு வந்து சேராது. நோயின் தொடக்கமும் இத்தகையதே. நரம்பணுக்களும் அழியத்தான் செய்கின்றன. ஆயினும் எஞ்சி நிற்கும் பகுதிகளுக்கிடையிலும் போக்குவரவு தளர்ந்துவிடுகின்றது.

நாம் வேலையின்றி அமர்ந்து பழையன நினைக்கும்போதும் மூளையின் சில பகுதிகள் ஒன்றுகூடி இயங்குகின்றன. 2001 இல் மார்க்கஸ் ரெய்க்கல் குழுவினர் இதனை விளக்கினர். 2004 இல் மைக்கேல் கிரெய்சியஸ் குழுவினர், இரத்தவோட்ட மாறுதலைக் காட்டும் எம்.ஆர்.ஐ. படங்களின் வழியே, நோய் முற்றாதவர்களிடத்தேயே இக்கூட்டியக்கம் குன்றியிருப்பதைக் கண்டனர். புதிய அனுபவங்களை நினைவாக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதிக்கும், மூளையின் பின்புற நடுப்பகுதிக்கும் இடையிலான தொடர்பே அங்கு நலிந்திருந்தது.

அண்ணாவியாரின் புதிரும் இங்கே அவிழ்கின்றது. இன்று உண்ட சோறு நினைவாவதற்கு ஹிப்போகாம்பஸ் வேண்டும். ஐம்பது ஆண்டு பயின்ற பாட்டோ மூளையில் வேறு பல இடங்களிலும் ஊன்றிவிட்டது. ஆகவே அவர் நடிக்கவில்லை.

அவருக்கு வந்திருப்பது இந்நோய்தானா என்பதை வைத்தியரே கூறவேண்டும். தைரொயிட் குறைபாடு, பி-12 உயிர்ச்சத்துக் குறைவு, மனச்சோர்வு என்பவற்றாலும் இத்தகைய மறதி உண்டாகலாம். அவை சிகிச்சைக்கு இணங்குவன. ராகமைப் பகுதியில் நடத்தப்பெற்று 2003 இல் வெளியான ஆய்வொன்று, 65 வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வருக்கு அறிவுத்தளர்ச்சி நோய் இருந்ததைக் காட்டிற்று. இலங்கையர்க்கு இது அயல்நாட்டு நோயன்று.

ஆசிரியர்களே, மாணவர்களே! உங்கள் இல்லத்து முதியவர் கேட்டதையே கேட்பாராயின் சினவாது மறுமொழி கூறுங்கள். காலந்தாழ்த்தாது வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் நாவில் கூத்தும் கதையும் உலாவும் இந்நாளிலேயே அருகமர்ந்து அவற்றை எழுதிக்கொள்ளுங்கள். நோய் வளர்ந்தால் அப்பாட்டுக்களும் ஒருநாள் அக்கரையிலேயே தங்கிவிடும்.