கடல் கடக்குமுன் தத்து முடியட்டும்

பிறந்த தேசத்தை விட்டுப் பிற தேசத்துக்குச் செல்லும் ஓர் அனாதைக் குழந்தை எந்த நிலையில் செல்கிறது என்பது அற்ப விஷயமன்று. தத்தெடுத்த தாய் தந்தையரின் பிள்ளையாகச் செல்கிறதா? அன்றி, இனிமேல் தத்தெடுப்பதாக வாக்களித்த இருவரின் பாதுகாப்பில் விடப்பட்ட மைனராக மட்டும் செல்கிறதா? விமான நிலையத்தில் பார்ப்பவருக்கு வேற்றுமை தெரியாது. சட்டத்தின் கண்ணிலோ முதற் குழந்தைக்குப் பெற்றோர் உண்டு, இரண்டாவதற்கு இல்லை. இந்த வேற்றுமை பலருடைய வாழ்வைக் குலைத்திருக்கிறது. ஆதலின் அயல்நாட்டார் எடுக்கும் தத்து குழந்தை பிறந்த நாட்டிலேயே முற்றுப்பெற வேண்டும், பிரயாணம் அதன் பின்னரே என்பது நமது துணிபு.

நமது நாட்டின் அனுபவமே இதற்கு முதற் சான்று. 1956-ம் வருஷத்து ஹிந்து சுவீகார, ஜீவனாம்சச் சட்டப்படி ஹிந்துக்களே தத்தெடுக்கலாம். பௌத்தரும் ஜைனரும் சீக்கியரும் அதில் அடங்குவர். பிற மதத்தினரான வெளிநாட்டாருக்கு அந்த வழி இல்லை. ஆகவே அவர்கள் 1890-ம் வருஷத்துக் கார்டியன் சட்டத்தை நாடினர். நமது கோர்ட்டு அவர்களைக் குழந்தைக்குக் கார்டியனாக நியமித்து, வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்ல அனுமதி கொடுக்கும். அங்கே போய்த் தங்கள் நாட்டுச் சட்டப்படி அவர்கள் தத்தெடுத்துக் கொள்வார்கள். காகிதத்தில் ஏற்பாடு ஒழுங்காகவே இருந்தது. ஆனால் கார்டியன் வேறு, தகப்பன் வேறு. கார்டியனின் அதிகாரம் மைனர் வயது கடந்ததும் தீர்ந்துபோம். கோர்ட்டு நினைத்தால் நடுவிலும் அவனை நீக்கலாம். கார்டியன் என்ற முறையினால் மட்டும் அவனுடைய சொத்தில் குழந்தைக்கு வாரிசு பாத்தியதை உண்டாவதில்லை. இங்கே உத்தரவான நாளுக்கும் அங்கே தத்து முடியும் நாளுக்கும் இடையில் தம்பதிகள் பிரிந்தாலோ, ஒருவர் இறந்தாலோ, மனம் மாறினாலோ குழந்தையின் கதி என்ன? நமது நியாயாதிபதியின் கை அங்கே எட்டாது. அந்நாட்டு நியாயாதிபதியிடம் வழக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

1982-ல் லக்ஷ்மி காந்த் பாண்டே என்ற வக்கீல் அயல்நாட்டுத் தத்துகளில் நடக்கும் முறைகேடுகளை விவரித்து சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதமே ரிட் மனுவாக ஏற்கப்பட்டு, 1984 பிப்ரவரி 6-ல் ஜஸ்டிஸ் பகவதியின் தீர்ப்பு வந்தது. குழந்தைக்கு முதலில் பெற்றோரையும், அடுத்து இந்தியக் குடும்பத்தையும் நாடவேண்டும், அயல்நாடு கடைசி வழியே என்று அத்தீர்ப்பு வகுத்தது. குழந்தை போய்ச் சேர்ந்த இரண்டு வருஷத்துக்குள் தத்து முடிக்கப்படும் என்ற உறுதிமொழியையும் கேட்டது. தத்தெடுப்பைப் பற்றிப் பொதுச் சட்டம் செய்ய 1972-லும் 1980-லும் வந்த மசோதாக்கள் நிறைவேறாத காலத்தில், கையிலிருந்த பழைய சட்டத்தை வைத்துக்கொண்டு கோர்ட்டு செய்த காரியம் பெரிது. எனினும் உறுதிமொழி உறுதிமொழியே. அது மீறப்பட்டால் நஷ்டம் குழந்தைக்கு. கேள்வி கேட்கும் கோர்ட்டோ ஏழு கடலுக்கு அப்பால்.

‘பிறகு செய்துகொள்ளலாம்’ என்று விட்ட காரியத்தின் பலனைக் கொரியாவின் வரலாறு காட்டும். 1950-53 யுத்தத்துக்குப் பின் தென்கொரியாவிலிருந்து சுமார் இரண்டு லட்சம் குழந்தைகள் வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். பெரும் பகுதியினர் ஐக்கிய அமெரிக்கா சென்றனர். பலருக்கு அமெரிக்கா சேர்ந்த பின்னரே தத்து நடக்கவேண்டியிருந்தது. அதன் பின் பிரஜா உரிமைக்குத் தனியே மனுச் செய்யவேண்டும். சில வீடுகளில் முதற் காரியம் நடக்கவில்லை. வேறு சில வீடுகளில் இரண்டாவது நடக்கவில்லை. அமெரிக்கராகவே வளர்ந்து, அந்த பாஷையே பேசி, பிள்ளை குட்டிகள் பெற்றவர்கள் தாம் அந்நாட்டுப் பிரஜைகள் அல்லர் என்பதை நடுவயதில் அறிந்தனர். குற்றவழக்கில் சிக்கிய சிலர், பாஷை தெரியாத, உற்றார் இல்லாத பிறந்த நாட்டுக்கு நாடு கடத்தப்பட்டனர். தத்தெடுக்கும் பெற்றோர் அசட்டையாக இருந்தனர்; தண்டனை பிள்ளைக்குக் கிடைத்தது. 2001 பிப்ரவரி 27-ல் அமலுக்கு வந்த அமெரிக்கச் சட்டம், அன்று பதினெட்டு வயது நிரம்பியவரை அடியோடு விலக்கிவிட்டது. அச்சட்டப்படி, வெளிநாட்டிலேயே தத்து முற்றுப்பெற்ற குழந்தை, அமெரிக்கப் பிரஜையான பெற்றோருடன் குடியேறும் உரிமையோடு நுழையும்போதே பிரஜையாகிறது. தத்து முடியாமல் வரும் குழந்தையோ, அங்கே அது முடியும் வரை காத்திருக்க வேண்டும். நாம் சொல்லும் வேற்றுமை இதுவே.

இரண்டாவது நியாயமும் உண்டு. அது இதனினும் வலியது. தத்தில் விசாரிக்க வேண்டியவை இரண்டு. எடுப்பவர் தகுதியுடையவரா என்பது ஒன்று. அவர்கள் வசிக்கும் நாட்டிலேயே அதை அறியலாம், அறிக்கையாக அனுப்பலாம். குழந்தை உண்மையில் அனாதையா, தாய் மனமுவந்து கொடுத்தாளா, பணம் கைமாறியதா என்பது மற்றொன்று. இதற்குச் சாட்சி, பிறந்த ஊரில் அல்லாமல் வேறெங்கே கிடைக்கும்? ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருக்கும் கோர்ட்டு, தன் முன் வைத்த காகிதத்தை நம்புவதன்றி வேறு செய்ய இயலாது. அந்தக் காகிதமே பொய்யானால்? பெற்றோர் தெரிந்திருந்தும் குழந்தைகளை அனாதைகளாகப் பதிவு செய்ததையும், ஒரு குழந்தையின் பெயரில் மற்றொன்றை அனுப்பியதையும் 2025 மார்ச்சில் கொரியாவின் உண்மை, சமரசக் கமிஷன் வெளிப்படுத்தியது. 2012-ல்தான் அந்நாடு தன் குடும்பக் கோர்ட்டின் உத்தரவின்றித் தத்து இல்லை என்ற விதியை அமலுக்குக் கொண்டுவந்தது.

நமது சட்டம் இப்போது நேர்வழிக்கு வந்திருக்கிறது. 2003-ல் இந்தியா ஏற்ற 1993-ம் வருஷத்து ஹேக் உடன்படிக்கையின்படி, தாயின் சம்மதம் பிரசவத்துக்குப் பின்னரே செல்லும். முறைப்படி ஒரு நாட்டில் முடிந்து சான்று பெற்ற தத்தை, உடன்பட்ட ஏனைய நாடுகள் ஏற்கவேண்டும். 2015-ம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டப்படி, குழந்தை தத்துக்கு உரியதெனத் தீர்மானமாகி அறுபது நாளுக்குள் இந்தியப் பெற்றோர் கிடைக்காவிடில்தான் அயல்நாட்டாருக்கு இடம். இங்கே தத்து உத்தரவு பிறந்த பின்னரே பாஸ்போர்ட்டும் விஸாவும். பெற்றோர் நேரில் வந்து குழந்தையைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

இதனால் தாமதம் உண்டாகிறது, விடுதியில் குழந்தையின் இளம்பருவம் வீணாகிறது என்பார் உளர். இந்த ஆட்சேபத்தை நாம் புறக்கணிக்கவில்லை. தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு ஆறு மாதம் என்பது ஒரு யுகம். ஆனால் தாமதத்துக்குப் பரிகாரம் விரைந்த விசாரணையே; விசாரணையைக் கடலுக்கு அப்பால் தள்ளுவதன்று. கோர்ட்டுகளில் மனுக்கள் தேங்குவதைக் காட்டி, 2021-ம் வருஷத் திருத்தம் உத்தரவிடும் அதிகாரத்தை ஜில்லா மாஜிஸ்திரேட்டிடம் மாற்றிற்று. 2022 செப்டம்பரில் அது அமலாயிற்று. வேகம் நல்லதே. எனினும் வெள்ளத்தையும் தேர்தலையும் கவனிக்கும் அதிகாரியின் மேஜையில் இது நூற்றோடு நூற்றொன்றாகி, கையெழுத்தும் முத்திரையுமாய் முடிந்துவிடலாகாது. குழந்தையின் நன்மையையும், வயதுக்கேற்ப அதன் விருப்பத்தையும் கவனித்தே உத்தரவிட வேண்டும் என்பது சட்டம். அது நடக்கிறதா என்று கவனிப்பது ஜில்லாதோறும் உள்ள பொதுஜன ஊழியர்களின் கடமை.

நிற்க. வெளிநாடுகளில் வாழும் நம்மவர்க்கும் ஒரு வார்த்தை. தமையன் மகளையோ தங்கை மகனையோ ஹிந்து சட்டப்படி தத்தெடுத்து, பத்திரம் ரிஜிஸ்தர் செய்துவிட்டால் காரியம் முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். உள்நாட்டில் வசிப்பவருக்கு அது போதும். வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்வோருக்கோ மத்திய தத்து வள ஆணையத்தின் ஆட்சேபமின்மைச் சான்றும் வேண்டும். அதற்கான மனுவை முதலிலேயே செய்தல் விவேகம். இல்லையேல் பெற்றோர் ஒரு கண்டத்திலும் பிள்ளை ஒரு கண்டத்திலும் காத்துக் கிடக்க நேரும்.

நமது குழந்தைகள் அயல்நாடு செல்வதே தேசத்துக்கு இழிவு என்போரின் கட்சியில் நாம் சேரமாட்டோம். உள்நாட்டில் யாரும் ஏற்காத குழந்தையை மானத்தின் பெயரால் விடுதியில் அடைத்துவைப்பது தேசாபிமானமாகாது. ஆனால் பெற்றோர் யாரென்று சட்டம் சொல்லாத நிலையில் ஒரு குழந்தையை வழியனுப்புவது நிச்சயமாக இழிவே. யாருடைய பிள்ளை என்ற கேள்விக்கு விடை இந்த மண்ணிலேயே எழுதப்பட்டு, அந்த விடையோடு குழந்தை கப்பலோ விமானமோ ஏறட்டும்.