நோன்பு யார் மேல் கடமை?

ரமலான் மாதம். அதிகாலை நேரம். பெங்களூரு அடுகோடியில் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. தமிழ், உருது, கன்னடம் மூன்றும் கேட்கும் பகுதி அது. சின்னப் பிள்ளைகளும் சஹர் சாப்பிட எழுந்துவிடுவார்கள். "எனக்கும் நோன்பு" என்று அடம் பிடிப்பார்கள். மத்தியானம் பசித்ததும் சோறு கேட்பார்கள். தாய் சிரித்துக்கொண்டே போடுவாள். அதில் குற்றம் இல்லை.

அதே பிள்ளைக்கு 12 வயது என்றால்? இங்கேதான் பெரியவர்களுக்கே குழப்பம் வருகிறது.

இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் முதலில் வயதைப் பார்ப்பதில்லை. உடலைப் பார்க்கிறார்கள். பெண் பிள்ளைக்கு மாதவிடாய் வந்தால் அவள் பருவம் அடைந்தவள். ஆண் பிள்ளைக்குத் தூக்கத்தில் விந்து வெளிப்பட்டால் அவன் பருவம் அடைந்தவன். அது முதல் தொழுகையும் நோன்பும் கடமை. புத்தித் தெளிவும் இருக்க வேண்டும்.

அடையாளமே தெரியாவிட்டால் வயதுக் கணக்கு. இதற்கு ஒரு பழைய நிகழ்ச்சி ஆதாரம். இப்னு உமர் 14 வயதில் உஹதுப் போருக்கு வந்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவரைச் சேர்க்கவில்லை. அகழ்ப் போரின்போது அவருக்கு வயது 15. அப்போது சேர்த்துக்கொண்டார்கள். சுமார் 90 ஆண்டுகள் கழித்து, கலீபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் இதைக் கேள்விப்பட்டார். சிறியவருக்கும் பெரியவருக்கும் எல்லை இதுதான் என்று தம் அதிகாரிகளுக்கு எழுதினார்.

ஷாபி மத்ஹபிலும் 15 வயதுதான். இமாம் அபூஹனீபா ஆணுக்கு 18, பெண்ணுக்கு 17 என்றார். அவருடைய மாணவர்கள் அபூயூசுப், முஹம்மத் இருவரும் 15 என்றார்கள். ஹனபி மத்ஹபினர் இதில் மாணவர்களின் சொல்லையே பின்பற்றுகிறார்கள்! தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களில் ஷாபிகள் அதிகம். உள்நாட்டிலும் பெங்களூரிலும் ஹனபிகள் அதிகம். இந்த விஷயத்தில் இருவருக்கும் கணக்கு ஒன்றுதான்.

ஆனால் இது பிறை ஆண்டுக் கணக்கு. பிறை ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்கள். ஆகவே நம் காலண்டரில் 14 வயதும் ஆறரை மாதமும் கடந்தாலே 15 நிறைந்துவிடும். பிறந்த நாளை மட்டும் பார்த்தால் ஒரு ரமலான் தவறிப் போகலாம்.

நோன்பு கடமையாகிவிட்டது. அதனால் கல்யாணம் பேசலாமா? கூடாது. அநாதைப் பிள்ளையின் சொத்தைப் பற்றிக் குர்ஆன் சொல்வதைப் பாருங்கள். பருவம் வந்தால் மட்டும் போதாது. சொத்தை நிர்வகிக்கும் அறிவும் தெரிய வேண்டும். அதன் பிறகே கொடுக்க வேண்டும். வணங்கும் வயது வேறு, பொறுப்பேற்கும் வயது வேறு. நாட்டின் சட்டமும் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைய வேண்டும். பருவமடைந்தால் போதும் என்ற வாதத்தைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2022-இல் ஏற்கவில்லை.

பெண் பிள்ளைகளிடம் தாய்மார் மனம் விட்டுப் பேச வேண்டும். 11 வயதில் பெரியவளான பெண் வெட்கத்தில் ஒன்றும் கேட்க மாட்டாள். மாதவிடாய் நாட்களில் தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை. வீட்டு ஆண்களுக்குத் தெரியக்கூடாது என்று சில பெண்கள் பட்டினி கிடக்கிறார்கள். அது தேவையே இல்லை. விட்ட தொழுகையைத் திரும்பத் தொழ வேண்டாம். விட்ட நோன்பை மட்டும் பிறகு பிடிக்க வேண்டும். காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கும் நோன்பில் மட்டும் இதே சலுகை உண்டு. அடுத்த ரமலானுக்குள் பிடித்துவிடுவது நல்லது. மார்கழி, தை மாதங்களில் பகல் குறைவு. பலர் அப்போதுதான் பாக்கி நோன்பைப் பிடிக்கிறார்கள்.