கொலனோஸ்கோபிக்குத் திகதி கிடைத்துவிட்டதா?

மலத்தோடு இரத்தம் போனால் எங்கள் பக்கத்தில் முதலில் வரும் பேச்சு, "மூலம்தான், உடம்புச் சூடு." பலருக்கு அது உண்மையும்கூட. ஆனால் ஐம்பதை நெருங்கியவருக்கு மலம் போகும் வழக்கம் மாறி, உடம்பு மெலிந்து, இரத்தச்சோகையும் சேர்ந்தால் பெருங்குடலை உள்ளே பார்த்தே ஆகவேண்டும். கமரா பொருத்திய வளையும் குழாயை ஆசனவாய் வழியே செலுத்தி, ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் நீளக் குடலையும் பார்ப்பதுதான் கொலனோஸ்கோபி.

கிளினிக்கில் திகதி எழுதியதும் நோயாளி கேட்பது, "அதுவரைக்கும் தாங்குமா?" குடலில் முளைக்கும் பொலிப் என்னும் சிறு கட்டி புற்றாக மாறப் பெரும்பாலும் 10 ஆண்டுகள் எடுக்கும். அறிகுறி இல்லாதவர் சில வாரம் பொறுக்கலாம். மலத்தில் மறைந்த இரத்தம் இருப்பதாகத் தெரிந்த சுமார் 70,000 பேரைக் கலிபோர்னியாவில் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். கொலனோஸ்கோபி 10 மாதத்துக்கு மேல் பிந்தியவர்களிடம் புற்றுநோயும், முற்றிய நோயும் கூடுதலாக இருந்தன. இரத்தம் போகிறவர், மெலிகிறவர் இந்தக் கணக்கை நம்பி இருந்துவிடக் கூடாது. திகதி தூரமென்றால் அறிகுறிகளை வைத்தியரிடம் மறுபடியும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சோதனையின் தரம் வேறு விஷயம். குழாயை வெளியே இழுக்கும்போதுதான் உண்மையான தேடல் நடக்கிறது. அமெரிக்காவின் ரொக்ஃபோர்ட் நகரில் 12 வைத்தியர்களைக் கவனித்தார்கள். 2006இல் முடிவு வந்தது. சராசரியாக 6 நிமிடமோ கூடவோ எடுத்தவர்கள் 28.3 வீதமானோரில் புற்றாகக்கூடிய கட்டியைக் கண்டார்கள். அதைவிட வேகமாக இழுத்தவர்கள் கண்டது 11.8 வீதமானோரில்தான்.

மாரி வெள்ளம் இறங்கிய மட்டக்களப்பு வாவியைக் கல்லடிப் பாலத்தில் நின்று பாருங்கள், அடி தெரியாது. மலம் ஒட்டிய குடலும் அப்படித்தான். கெட்டிக்கார வைத்தியரும் தட்டையான கட்டியைத் தவறவிடுவார். குடலைச் சுத்தமாக்கும் பேதி மருந்தில் பாதியை முதல்நாள் மாலையும், மீதியைச் சோதனைக்கு 4 முதல் 6 மணித்தியாலம் முன்னும் குடிப்பதே நல்ல முறை. வயிற்றால் போவது வெளிர்மஞ்சள் தண்ணீராக வரவேண்டும்.

வாவிக்கு அப்பால் இருக்கும் படுவான்கரை மக்களுக்கு இங்கேதான் சிக்கல். காலை 8 மணிக்குச் சோதனை என்றால் விடியப்புறம் 3 மணிக்கு மருந்து. வயிறு ஓடும் நேரத்தில் முதல் பஸ்ஸில் எப்படி ஏறுவது? 2014இல் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் திறந்ததால் துறையில் காத்து நிற்பது ஒழிந்தது. ஆனால் பஸ்ஸில் மலசலகூடம் இல்லையே. பயத்தில் இரண்டாம் பாதியை ஒருவர் குடிக்காமல் விட்டால் குடல் கலங்கலாகவே இருக்கும். சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்; வரிசையில் இன்னொருவரின் இடமும் போய்விடும்.

திகதி கொடுப்பவர்கள், வாவிக்கு அப்பாலிருந்து வருகிறவர்களுக்கு மதியத்தை ஒட்டிய நேரம் கொடுக்க வேண்டும். திகதித் துண்டு வாங்குகிறவர்களும் வெறுமனே திரும்பாதீர்கள். இரும்புச்சத்துக் குளிசை மலத்தைக் கறுப்பாக்கிக் குடலில் ஒட்டவைக்கும். அதை எப்போது நிறுத்துவது, மருந்தை எத்தனை மணிக்குக் குடிப்பது என்று கேட்டு, அந்தத் துண்டிலேயே எழுதி வாங்குங்கள்.