முதுமையில் மூளையின் இணைப்புகள்

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பு செல்கள் உள்ளன. அவை தனித்தனியே இயங்குவதில்லை. ஒரு பெயரை நினைவுகூர்வதற்கும் மூளையின் பல பகுதிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ள வேண்டும்.

மூளையின் மேற்பரப்பில் உள்ள சாம்பல் நிறப் பகுதியில் நரம்பு செல்கள் செறிந்துள்ளன. அதன் அடியிலுள்ள வெண்ணிறப் பகுதி, அவற்றை இணைக்கும் நீண்ட நரம்பிழைகளால் ஆனது. இவ்விழைகளைச் சூழ்ந்துள்ள மையலின் என்னும் கொழுப்புறையால் செய்திகள் விரைந்து செல்கின்றன.

வயது கூடும்போது என்ன நிகழ்கிறது?

இயல்பான முதுமையில் நரம்பு செல்கள் பெருமளவில் அழிவதில்லை. அவற்றின் இணைப்புகள் குறைகின்றன. மையலின் உறையும் சிதைவுறுகிறது. அதனால் சிந்தனையின் வேகம் குறைகிறது. தெரிந்த பெயர் சற்றுத் தாமதமாக நினைவுக்கு வருவது இயல்பே. சொல்வளமும் அனுபவ அறிவும் பெரும்பாலும் நிலைத்திருக்கும்.

இரத்த அழுத்தம் ஏன் முக்கியம்?

வெண்ணிறப் பகுதியின் ஆழத்திற்கு மிக நுண்ணிய குழாய்களே இரத்தத்தைக் கொண்டுசெல்கின்றன. உயர் இரத்த அழுத்தம் பல ஆண்டுகள் நீடித்தால் அக்குழாய்கள் தடித்துக் குறுகும், நரம்பிழைகள் சேதமடையும். தொடக்கத்தில் வலியோ வேறு அறிகுறியோ தோன்றாது.

அமெரிக்காவில் 9,300-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வின் முடிவுகள் 2019-இல் வெளியாயின. இரத்த அழுத்தத்தின் மேல் அளவை 140-க்குக் கீழ் வைக்கச் சிகிச்சை பெற்றோரைவிட, 120-க்குக் கீழ் வைக்கச் சிகிச்சை பெற்றோரிடம் லேசான நினைவுத்திறன், சிந்தனைத்திறன் குறைபாடு குறைவாகக் காணப்பட்டது. வெண்ணிறப் பகுதியின் சேதமும் மெதுவாகவே கூடியது. உங்களுக்கு ஏற்ற அளவை மருத்துவரே முடிவு செய்வார்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• 30 வயதைக் கடந்தவராயின், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.
• உடல்நலம் சீராக உள்ளதெனக் கருதி மருந்தை நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.
• வாரத்திற்கு 150 நிமிடங்களேனும் விறுவிறுப்பாக நடங்கள். உப்பைக் குறையுங்கள், புகையிலையைத் தவிருங்கள்.
• காது கேட்பது குறைந்தால் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

பழகிய தெருவில் வழி தவறுதல், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டல், பணத்தைக் கணக்கிடுவதில் தடுமாறுதல் ஆகியவை இயல்பான மறதி அல்ல. "வயதானால் இப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றால் ஏற்படும் மறதி, உரிய காலத்தில் சிகிச்சை பெற்றால் சீராகக்கூடும்.