நாரை வண்டி

– இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். சைக்கிளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஓடுகிற வரையில் அது குடும்பத்தில் ஒருவர். நின்றுவிட்டால் பழைய இரும்பு. கிலோ இத்தனை ரூபாய் என்று எடைபோட்டுத்தான் கேட்பார்கள். எங்கள் வீட்டுப் பூவரச மரத்தடியில் சாய்ந்து கிடந்த சைக்கிளையும் அப்படித்தான் கேட்டார்கள். அதைக் கொடுக்காமல் மீண்டும் ஓடவைத்த கதையையும், அதில் நான் கற்ற சிறிதளவு வேதியியலையும் இயந்திரவியலையும் மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கள் ஊர் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் ஒன்று. சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி எங்களுடையது. தாத்தா அந்தச் சைக்கிளை வெளிச்சக்கூண்டில் வேலை பார்த்த ஒருவரிடமிருந்து 1968-இல் பழையதாக வாங்கினார். அப்போது பாலம் கிடையாது. மீன் கூடையையும் சைக்கிளையும் படகில் ஏற்றி, பழவேற்காட்டில் இறக்கி, அங்கிருந்து பொன்னேரிச் சந்தைக்கு மிதிப்பார். மடவையும் இறாலும் நண்டும் அந்தக் கேரியரில் போய்த்தான் எங்கள் வீட்டுக்கு அரிசியாகத் திரும்பி வந்தன. இன்று அதே பொன்னேரிச் சாலையில் நான் கல்லூரிக்கு வருகிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ஏரி நீர் முற்றம் வரை வந்தது. சைக்கிள் பாதி உயரம் உப்பு நீரில் கிடந்தது. அதன்பின் எவரும் அதைத் தொடவில்லை. தாத்தாவுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. "இடத்தை அடைச்சிக்கிட்டு எதுக்கு? போட்டுடலாம்" என்றார் அப்பா. தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்ச் சைக்கிளின் பல்சக்கரத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "பொங்கல் வரைக்கும் டயம் குடுங்கப்பா" என்று நான் கேட்டுக்கொண்டேன்.

நாரையின் ஜாதகம்

துருவைச் சுரண்டியபோதுதான் அந்தப் பல்சக்கரத்தின் நடுவில் நாரைத் தலைகள் தெரிந்தன. தாத்தா அதை ஏன் 'நாரை வண்டி' என்று அழைத்தார் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. நாரை, இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் உருவான ராலே நிறுவனத்தின் சின்னம். நாரைகளின் ஏரிக்கு நாரையே சைக்கிளாக வந்திருக்கிறது!

பின்சக்கர ஹப்பில் 'ஸ்டர்மி-ஆர்ச்சர், ஏ.டபிள்யூ., 52' என்று பொறித்திருந்தது. 52 என்பது 1952. அந்த ஹப் செய்யப்பட்ட ஆண்டு. ஏ.டபிள்யூ. என்பது 1936-இல் வெளிவந்த மூன்று கியர் ஹப். அதன் உள்ளே, அச்சோடு அசையாமல் இருக்கும் ஒரு சிறு சக்கரத்தைச் சூரியன் என்றும், அதைச் சுற்றிவரும் நான்கு சக்கரங்களைக் கோள்கள் என்றும் சொல்கிறார்கள். சூரியனுக்கு 20 பல். எல்லாவற்றையும் சூழ்ந்த வளையத்துக்கு 60 பல். கோள்களைத் தாங்கும் கூடு ஒரு சுற்றுச் சுற்றினால் வளையம் 1 + 20/60, அதாவது 4/3 சுற்றுச் சுற்றும். இது மேல் கியர். வளையத்தைச் சுற்றிக் கூட்டின் வழியே வேகத்தை வாங்கினால் 3/4. இது கீழ்க் கியர். நடுக் கியரில் ஒன்றுக்கு ஒன்று.

எங்கள் சைக்கிளில் முன்னே 46 பல், பின்னே 18 பல். ஒரு மிதிக்கு நடுக் கியரில் ஏறத்தாழ 5.6 மீட்டர் போகும். கீழ்க் கியரில் 4.2 மீட்டர், மேல் கியரில் 7.5 மீட்டர். தென்றல் எதிர்த்து வீசும் நாளில், நிறைகூடையோடு போகிறவருக்கு 4.2 மீட்டரின் அருமை தெரியும்.

உப்பும் எண்ணெயும்

எங்கள் ஊரில் சைக்கிள்கள் சீக்கிரம் சாவது ஏன்? இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் போதும். உப்பு சேர்ந்தால் நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அரிமானம் விரைவாகும். போதாக்குறைக்குக் குளோரைடு அயனிகள் உலோகத்தின் மேல் உள்ள மெல்லிய காப்புப் படலத்தைத் துளைத்து ஊசி முனை போன்ற குழிகளை உண்டாக்குகின்றன. குரோம் முலாம் மேலே பளபளக்கும். அடியில் இரும்பு கரைந்துகொண்டிருக்கும்.

ஆனால் எங்கள் சைக்கிளின் சட்டம் மட்டும் உளுத்துப்போகவில்லை. காரணம், தாத்தா ஆண்டுதோறும் படகுக்குப் பூசும் மீன் எண்ணெயில் மிச்சத்தைச் சைக்கிளுக்கும் பூசுவாராம். இதை எங்கள் வேதியியல் பேராசிரியரிடம் சொன்னேன். மீன் எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் மிகுந்த கொழுப்பு அமிலங்கள் உண்டு. அவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஒன்றோடொன்று பின்னி உலர்ந்த படலமாகிவிடும் என்று அவர் விளக்கினார். ராபர்ட் ஃபெர்குசன் என்னும் ஸ்காட்லாந்துக் கப்பல் தலைவர், துருப்பிடித்த தளத்தில் சிந்திய மீன் எண்ணெய் துருவைத் தடுத்ததைக் கண்டு, அதை வைத்தே 1921-இல் அமெரிக்காவில் ரஸ்ட்-ஓலியம் என்னும் வண்ணப்பூச்சு நிறுவனத்தைத் தொடங்கினார். தாத்தா நிறுவனம் தொடங்கவில்லை, அவ்வளவுதான்!

அதே எண்ணெய் ஒரு கெடுதலும் செய்திருந்தது. எவரோ அதை ஹப்பின் உள்ளேயும் ஊற்றியிருந்தார்கள். வெளியே காவலாக நின்ற படலம் உள்ளே விலங்காகிப் பற்களையெல்லாம் பிசின்போல் ஒட்டிவைத்திருந்தது. இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்த பிறகுதான் கோள்கள் சுழன்றன. துருப்பிடித்த சிறு பாகங்களைப் புளிக்கரைசலில் ஊறப் போட்டேன். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் துருவைக் கரைத்து எடுத்துவிடும். ஆயா பித்தளைக் குடம் தேய்க்கும் அதே புளிதான்.

கிடைத்தவையும் கிடைக்காதவையும்

பழைய ஆங்கிலச் சைக்கிளுக்குப் பாகம் தேடுகிறவருக்கு இந்தியா ஒரு சொர்க்கம். டயர், ரிம், கம்பி பிரேக், முன்னே 32 பின்னே 40 என்ற ஸ்போக்ஸ் கணக்கு எல்லாமே இன்னும் நம் கறுப்புச் சைக்கிள்களில் அப்படியே இருக்கின்றன. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், 1951 முதல் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிளைத் தயாரித்தது. வங்காளத்தின் அசன்சோலில் சென்-ராலே தொழிற்சாலை எழுந்தது. தாய்வீட்டில் வழக்கொழிந்த அமைப்பு நம் நாட்டில் பால்காரரோடும் மீன்காரரோடும் நிலைத்துவிட்டது. ஆகவே டயரும் பிரேக் கட்டையும் பொன்னேரியிலேயே கிடைத்தன. சீட்டின் தோலைச் செருப்புத் தைக்கும் தாத்தா ஒருவர் புதிதாக வெட்டி ஆணி அடித்துக் கொடுத்தார். கியரை இழுக்கும் சிறு சங்கிலி, சென்னை பார்க் டவுன் பக்கத்துச் சைக்கிள் கடைகளில் மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்த பிறகு ஒரு தகர டப்பாவின் அடியில் கிடைத்தது.

கிடைக்காதது, பெடல் அச்சைத் தாங்கும் பிராக்கெட் கப். அங்கேதான் நான் பெரும் பிழை செய்தேன்.

மரையைக் கேட்காத குற்றம்

கடையில் கொடுத்த புதிய கப் பார்வைக்குப் பழையதைப் போலவே இருந்தது. தேர்வுக் கட்டணத்துக்கென்று ஆயா முந்தானையில் முடிந்து கொடுத்த பணத்தில் 120 ரூபாயை எடுத்து அதை வாங்கினேன். இரண்டு சுற்று இலகுவாகப் போயிற்று. பிறகு இறுகியது. துருதான் தடுக்கிறது என்று எண்ணி, ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் சொருகி முழுப் பலத்தோடு திருகினேன். 'கிறீச்' என்று ஒரு சத்தம். கழற்றிப் பார்த்தால் சட்டத்தின் உள்மரை சுருள் சுருளாகக் கையோடு வந்தது.

திண்ணையில் இருந்த தாத்தாவுக்குச் சத்தம் கேட்டுவிட்டது. "மரையைக் கேக்காம திருகுனியாடா?" என்றார். அவ்வளவே. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உப்புக்காற்றில் தாங்கிய சட்டத்தை ஐந்து நிமிடத்தில் நான் கெடுத்துவிட்டேன். ஆயாவின் பணமும் போயிற்று. படித்தவன் என்ற பெயர் மட்டும் மிச்சம்!

நடந்தது இதுதான். நம் ஊரில் பொதுவாக வழங்கும் கப்பில் ஓர் அங்குலத்துக்கு 24 மரை. ராலே தன் சைக்கிள்களுக்கென்று 26 மரை வைத்திருந்தது. விட்டம் ஏறத்தாழ ஒன்றே. ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி ஒன்றில் 1.06 மில்லிமீட்டர், மற்றதில் 0.98 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு 0.08 மில்லிமீட்டர்தான் வேறுபாடு; அதனால்தான் முதல் இரண்டு சுற்றும் ஏமாற்றிவிட்டன. ஐந்தாம் சுற்றில் அதுவே 0.4 மில்லிமீட்டர் ஆகும். மரையின் மேடு ஏறக்குறையப் பள்ளத்துக்கு நேராக வந்துவிடும். அதற்கு மேல் பலம் காட்டினால் வெட்டிக்கொண்டுதான் போகும்.

மீஞ்சூரில் பழைய சைக்கிள் கடைக்காரர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டுக் கப்போடு போனேன். அவர் என் புதிய கப்பையும் பழைய கப்பையும் மரையோடு மரை பொருத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். "பாரு தம்பி, நடுவுல வெளிச்சம் தெரியுது. ரெண்டும் ஒண்ணா இருந்தா இருட்டாதான் இருக்கணும்" என்றார். அளவுகோல் இல்லாத ஆய்வுக்கூடம்! பின்பு பால்மாவு டப்பா ஒன்றைக் கவிழ்த்து, ஒவ்வொரு கப்பாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஏழாவது கப்பில் இருட்டு விழுந்தது.

கெட்டுப்போன மரைக்கும் அவரே வழி சொன்னார். தேய்ந்த பழைய கப்பின் மரைமேல் குறுக்காக மூன்று வெட்டுப் போட்டுக் கொடுத்தார். அந்த எஃகுக் கப்பே மரை திருத்தும் கருவி ஆயிற்று. எண்ணெய் விட்டு அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று மாலை முழுதும் திருகினேன். பாதிக்கு மேல் மரை உயிர் பெற்றது. புதிய கப்பைப் பூட்டினேன், நின்றது. "காசு வேணாம், நல்ல மடவையா ரெண்டு கொண்டா" என்று அவர் கேட்டிருந்தார். கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆயாவின் பணத்தை இரண்டு ஞாயிறு நண்டு வலை சிக்கெடுத்துச் சம்பாதித்துத் திருப்பிக் கொடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்பதையும் சொல்லிவிட்டேன். "தாத்தாவுக்குத்தானே?" என்று ஆயா மறுபடியும் முடிந்துகொண்டாள்.

அமெரிக்காவின் மலைச்சைக்கிள் பிறந்ததும் இத்தகைய வேட்டையில்தான். 1970-களில் கலிபோர்னியாவின் டமல்பாய்ஸ் மலைப்பக்கத்து இளைஞர்கள், 1930-களின் கனத்த ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, வேறு வண்டிகளின் பிரேக்கையும் கியரையும் பொருத்தி மலையிலிருந்து இறங்கினார்கள். இறங்கி முடித்ததும் ஹப்பிலிருந்த கிரீஸ் புகைந்துபோய்விடும், புதிதாக அடைக்கவேண்டும். 1976-இல் தொடங்கிய அவர்களுடைய பந்தயத்துக்கு 'ரீபேக்', அதாவது மீண்டும் அடைத்தல் என்றே பெயர். பழைய பெட்டியைக் கிளறியவர்களின் கையிலிருந்துதான் புதிய சைக்கிள் வந்தது.

மணி ஓசை

பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு சைக்கிளை மிதித்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன். ஏ.டபிள்யூ. ஹப்புக்கு ஒரு குணம் உண்டு. மேல் கியரிலும் நடுக் கியரிலும் 'டிக் டிக்' என்று ஓசை எழும்பும். கீழ்க் கியரில் ஓசை இராது. வீட்டுக்கு முன்னால் மணல் கனத்ததால் கீழ்க் கியருக்கு மாற்றினேன். ஓசை நின்றது.

திண்ணையிலிருந்து தாத்தாவின் குரல் கேட்டது: "மணல்ல இறங்கிட்டான்."

கண் தெரியாதவர் காதால் கண்டுகொண்டார். அப்பா எழுந்துவந்து கேரியரை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். மறுநாள் காலையில் பழவேற்காட்டு ஏலக்கூடத்துக்கு அதில்தான் கூடையைக் கட்டினார். இடத்தை அடைக்கிறது என்று அதன்பின் எவரும் சொல்லவில்லை.

நண்பர்களே, ஒரு பொருளைப் பழுது பார்க்கப் புகுமுன் அது எந்த மரை என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதை நான் 120 ரூபாய் கொடுத்துக் கற்றேன். நீங்கள் இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம். ஒன்று மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. ஹேண்டில்பாருக்குக் கீழே நாரைச் சின்னத் தகடு இருந்த இடத்தில் ஆணித் துளைகள் மட்டுமே உள்ளன. உங்கள் ஊர்ச் சைக்கிள் கடையின் தகர டப்பாவில் ஒரு நாரை உறங்கிக்கொண்டிருந்தால் வேதியியல் துறையில் சொல்லி அனுப்புங்கள். மடவை மீன் நான் கொண்டுவருகிறேன்.