பின்னை உருவச் சொன்னது யார்?

வானை முட்டும் மாளிகை எழும்பினால் திறப்பு விழா நடக்கிறது. மந்திரி வருகிறார், முதலாளி வருகிறார், மாலை விழுகிறது. அந்த மாளிகைக்கு இரும்பும் சிமெண்டும் தூக்கிக் கொடுத்த டவர் கிரேனோ அதற்கு வெகு முன்பே பிரித்து லாரியில் ஏற்றப்பட்டிருக்கும். அதை நிறுத்தியவன் யார், பிரித்து இறக்கியவன் யார் என்று கேட்பாரில்லை. அவன் செத்தால் பத்திரிகையில் இரண்டு வரி வரும். அதற்கும் ‘விபத்து’ என்றே தலைப்பு.

அப்படி ஒரு ‘விபத்தை’க் கொஞ்சம் அவிழ்த்துப் பார்ப்போம், தோழர்களே!

2019 ஏப்ரல் 27, சனிக்கிழமை பிற்பகல். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கூகுள் கம்பெனிக்காக எழும்பிய கட்டடம். வேலை முடிந்த கிரேனைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பலமாகக் காற்று வீசியது. கோபுரம் முறிந்து மெர்சர் தெருவில் விழுந்தது. கிரேனில் இருந்த இரும்புத் தொழிலாளர் இருவரும், கீழே கார்களில் இருந்த இருவரும் மாண்டனர். கார்களில் மாண்டவர்களில் ஒருத்தி கல்லூரி மாணவி. கிரேனோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவள். அந்தத் தெரு வழியே போனாள், அவ்வளவே.

காற்றின் தலையில் பழியைப் போட்டுக் கணக்கை முடித்திருக்கலாம். காற்றின் மீது வழக்குத் தொடர முடியாதல்லவா?

ஆனால் கோபுரம் எப்படி நிற்கிறது? இரும்புச் சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூலைக்கு மூலை தடித்த பின்களைச் செருகி இறுக்குகிறார்கள். உச்சியில் சுழலும் தலை. பிறகு பின்புறக் கை, அதில் கொஞ்சம் எதிர்ப்பாரம், அதன் பிறகே நீண்ட முன்கை, கடைசியில் மீதிப் பாரம். இந்த வரிசை மாறினால் கிரேன் ஒரு பக்கம் சாயும். பிரிக்கும்போது இதே வரிசை தலைகீழாக நடக்க வேண்டும். ஒவ்வொரு சட்டத்தையும் வேறொரு கிரேனின் கொக்கியில் மாட்டிப் பிடித்துக்கொண்ட பிறகே அந்தச் சட்டத்தின் பின்களை உருவலாம். அதை இறக்கிய பிறகே அடுத்தது. பின்கள் இருக்கும்வரை கோபுரம் ஒரே உடம்பு. உருவிவிட்டால் அடுக்கி வைத்த பெட்டிகள்.

சியாட்டிலில் என்ன செய்தார்கள்? ஏறக்குறைய எல்லாப் பின்களையும் முன்கூட்டியே உருவிவிட்டார்கள்! தயாரித்த கம்பெனியின் கைநூல் சொல்வது ஒன்று, நடந்தது வேறொன்று. எதற்காக? நேரம் மிச்சம் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. பிரிக்கிற நாள் முதலாளிக்கு வெறும் செலவு நாள். கட்டடம் எழும்பிவிட்டது, இனி இந்தக் கிரேன் ஒரு செங்கல்லும் தூக்கப்போவதில்லை. பிரிப்பதற்கு வந்த கிரேனுக்கும் ஆட்களுக்கும் மட்டும் மணிக்கணக்கில் கூலி ஓடுகிறது. ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்ற குரல் எங்கிருந்து பிறக்கிறது என்பது நமக்குத் தெரியாததா?

2019 அக்டோபரில் வாஷிங்டன் மாகாணத் தொழில் துறை தன் முடிவைச் சொன்னது. கைநூலைப் பின்பற்றாததே கோபுரம் விழக் காரணம் என்றது. கிரேன் கம்பெனிக்கு 70,000 டாலர், பிரதான காண்டிராக்டருக்கு 25,200, பிரிக்கும் வேலையில் இருந்த இன்னொரு கம்பெனிக்கு 12,000 என்று அபராதம் விதித்தது. கூட்டிப் பாருங்கள்: 1,07,200 டாலர். செத்தவர் நால்வர். தலைக்கு 26,800! 2022-ல் நீதிமன்றத்தில் ஜூரிகள், மாணவியின் குடும்பத்துக்கும் காயமுற்றவர்களுக்கும் 15 கோடி டாலருக்கு மேல் நஷ்ட ஈடு தீர்ப்பளித்தார்கள். சர்க்காரின் தராசுக்கும் சாதாரண மக்களின் தராசுக்கும் எவ்வளவு தூரம், பார்த்தீர்களா?

இது ஒரு ஊர்க் கதையன்று. 2008 மார்ச் 15-ல் நியூயார்க் நகரின் 51-வது தெருவில் கிரேனை உயர்த்தும்போது, கோபுரத்தைக் கட்டடத்தோடு பிணைக்கும் கனத்த இரும்பு வளையத்தைத் துணி ஸ்லிங்குகளில் தொங்கவிட்டார்கள். ஸ்லிங்குகள் அறுந்தன. மேல் வளையம் சரிந்து கீழ் வளையத்தையும் அடித்துக்கொண்டு போக, பிடிப்பற்ற கோபுரம் தெருவுக்குக் குறுக்கே சாய்ந்தது. ஆறு தொழிலாளரும் ஊர் பார்க்க வந்த ஒருவரும் மாண்டனர். ஒரு ஸ்லிங்கின் விலை என்ன, தோழர்களே? டவுன் பஸ்ஸிலும் டீக்கடையிலும் நாம் பேரம் பேசலாம்; தலைக்கு மேல் தொங்குகிற இரும்பிலுமா?

சியாட்டிலில் அன்று தெருவை மூடவில்லை. மேலே பின்னில்லாத கோபுரம், கீழே ஓடுகிற கார்கள். ஒரு சனிக்கிழமை பிற்பகல் தெருவை அடைத்திருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? கிரேனை நிறுத்தவும் பிரிக்கவும் கட்டுப்பாடு கோரிய சட்டம் அந்த மாகாணத்தில் 2024-ல்தான் வந்தது. ஐந்து ஆண்டு!

நாம் கேட்கவேண்டியது சட்டம் வரும்வரை காத்திருக்கவேண்டிய விஷயமில்லை. கைநூல் என்ஜினீயரின் மேஜை அறையில் கிடக்கிறது. உயரத்தில் ஏறுகிறவன் கையில் சுத்தியல் மட்டும் இருக்கிறது. அந்த நூலை அவன் பேசும் பாஷையில் அச்சிடவேண்டும், வேலை துவங்குமுன் வாசித்துக் காட்டவேண்டும், காற்று பலத்தால் கூலி பிடிக்காமல் இறங்கிவர விடவேண்டும், கொக்கி மாட்டாத சட்டத்தின் பின்னை உருவ மறுக்கிறவனை வேலையைவிட்டு நிறுத்தக்கூடாது. இவற்றை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகே நம் ஆட்கள் ஏணியில் கால் வைக்கட்டும்.