சிக்கனச் செலவில் செவிக்கு விருந்து

தொலைக்காட்சிப் பெட்டி இல்லாத இல்லம் இன்று அரிது. சுரண்டைக் கடைத்தெருவிலும் சரி, சுற்றியுள்ள சிற்றூர்களிலும் சரி, சுவரோடு ஒட்டிய தட்டைப் பெட்டிகளையே காண்கிறோம். படம் பளிச்சென்று தெரிகிறது, பேச்சுத்தான் விளங்குவதில்லை. "என்ன சொன்னான்?" என்று பேரனைக் கேட்டுக் கேட்டுச் சலித்த பாட்டி, பாதிப் படத்தில் எழுந்து போய்விடுகிறார். குறை பாட்டியின் செவியில் மட்டும் இல்லை. பெட்டி மெலிய மெலிய, அதனுள் இருக்கும் ஸ்பீக்கர்களும் சிறுத்துவிட்டன. பல பெட்டிகளில் அவை நம்மை நோக்காமல் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ ஒலிக்கின்றன.

இக்குறையைப் போக்க 'ஹோம் தியேட்டர்' வாங்க எண்ணும் குடும்பங்கள் பல. நல்ல எண்ணமே. ஆயினும் அதற்காகத் தவணைக் கடனில் விழ வேண்டுமா? வேண்டியதில்லை. விரலுக்குத் தகுந்த வீக்கமே அழகு.

இரண்டே போதும்

கடைகளில் '5.1' என்று எழுதியிருப்பதைப் பார்க்கிறோம். முன்னால் மூன்று, பக்கங்களில் அல்லது பின்னால் இரண்டு, ஆக ஐந்து ஸ்பீக்கர்கள். அடித்தொனிக்கென்று ஒரு சப்-ஊஃபர். இதுவே அதன் பொருள். குறைந்த விலையில் இந்த ஆறையும் தர வேண்டுமாயின், ஒவ்வொன்றின் தரத்தையும் குறைத்தாக வேண்டும். அதே பணத்தில் இரண்டு நல்ல ஸ்பீக்கர்களை வாங்குவதே அறிவுடைமை.

இரண்டு ஸ்பீக்கர்களின் ஆற்றல் சிறிதன்று. திரையில் நடிகர் நகரும்போது அவர் குரலும் உடன் நகர வேண்டும் என்று எண்ணிய ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் புளும்லைன், 1931-இல் ஸ்டீரியோ முறைக்குக் காப்புரிமை கோரினார். இரு பக்கமும் சமமாக ஒலித்தால், குரல் நடுவிலிருந்தே வருவதாக நம் செவி உணர்கிறது. ஆகவே நடு ஸ்பீக்கர் இல்லாமலே உரையாடல் திரையிலிருந்து கேட்கும்.

வாட் கணக்கில் மயங்க வேண்டாம்

அட்டைப் பெட்டியில் ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருக்கும் 'பி.எம்.பி.ஓ.' வாட் வெறும் விளம்பரக் கணக்கு. 'ஆர்.எம்.எஸ்.' எவ்வளவு என்றே கேட்க வேண்டும். வாட்டை இரு மடங்காக்கினாலும் ஒலி 3 டெசிபல்தான் கூடும். அது சிறிய ஏற்றமே. நம் ஊர்ப் பழுது பார்ப்பவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் '4440' ஐ.சி. பக்கத்துக்கு 6 வாட் அளவே தருகிறது. சிறிய அறையில் பேச்சும் பாட்டும் கேட்க அதுவே போதும்.

பத்து ரூபாய் கையிலிருந்தால் ஆறு ரூபாயை ஸ்பீக்கருக்கும், மூன்றை ஆம்ப்ளிஃபயருக்கும், ஒன்றைக் கம்பிக்கும் ஒதுக்கலாம். பழைய ஸ்பீக்கர் பெட்டிகள் மலிவாகக் கிடைத்தால் தயங்க வேண்டாம். கூம்பின் விளிம்பு நுரை கிழிந்திருந்தாலும் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சப்-ஊஃபரை வசதி வரும்போது சேர்த்துக்கொள்வோம்.

தொலைக்காட்சியில் ஆப்டிகல் வழி மட்டும் இருந்தால், டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் சிறு கருவி ஒன்று தேவை. தொலைக்காட்சியின் ஒலி அமைப்பை 'பி.சி.எம்.' என்று வைக்க வேண்டும். இன்றேல் ஒலியே வராமற்போகலாம்.

காசில்லாத சீர்திருத்தம்

ஸ்பீக்கர்களை வைக்கும் இடத்திலேயே பாதி வெற்றி இருக்கிறது. இரண்டு ஸ்பீக்கர்களும் நாம் அமரும் இடமும் சமபக்க முக்கோணமாக அமையட்டும். உச்சத்தொனி தரும் சிறு ஸ்பீக்கர் நம் செவியின் உயரத்தில் இருக்கட்டும். பெட்டியைச் சுவர் மூலையில் தள்ளினால் அடித்தொனி மிகுந்து பேச்சை மறைக்கும்.

சிவப்பு, கறுப்பு முனைகளை இரு பக்கமும் ஒரே மாதிரி இணைக்க வேண்டும். ஒன்று மாறினால் அடித்தொனி மெலியும். குரலும் நடுவில் நிற்காது.

நம் வீடுகளின் சிமெண்டுச் சுவரும் வழுவழுப்பான தரையும் எதிரொலியை வளர்ப்பவை. அறை நடுவே நின்று கைதட்டிப் பாருங்கள். ஒலி கணகணவென்று நீடித்தால் கனத்த திரைச்சீலையும், தரையில் ஜமுக்காளமும் அதைத் தணிக்கும். இவை எல்லா இல்லங்களிலும் இருப்பவைதாமே!

மழைக்காலத்தில் இடி மின்னல் தொடங்குவதற்கு முன்பே மின் இணைப்பையும், தொலைக்காட்சியில் சேரும் கேபிள் கம்பியையும் கழற்றிவிடுவது நலம்.

அண்டை வீட்டார்

நம் இன்பம் பிறருக்குத் துன்பமாகலாமா? 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலும் வரம்பாக வகுத்துள்ளன. அடுத்த வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருக்கலாம். நோயுற்ற முதியவர் இருக்கலாம். அடித்தொனி சுவரையும் கடந்து செல்வது என்பதை மறவாதிருப்போம்.

சுவர் அதிர்வது நல்ல ஒலிக்கு அடையாளமன்று. பாட்டி யாரையும் கேளாமல் கதையைப் பின்தொடர்ந்து, கடைசிவரை குடும்பத்தோடு அமர்ந்திருந்தால், நாம் செலவிட்ட பணம் வீண்போகவில்லை.